இமிக்ரேஷன் கவுன்ட்டரில் உட்கார விரும்பும் பிள்ளைகளுக்கு

‘இமிக்ரேஷன் ஆபீசர்’ என்ற பெயரில் ஒரு தேர்வும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரை வில்லாபுரத்தில் நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் பெயரில்தான் விளம்பரம் தேடுகிறார்கள். அப்படித் தேடினால் கண்ணில் படுவது பெரும்பாலும் ஏமாற்றுக்காரர்களின் விளம்பரம்தான். எங்கள் தெருவில் ஒரு பையன் ‘ஏர்போர்ட் இமிக்ரேஷன் வேலை, நேரடி நியமனம்’ என்று வந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி, ஒரு தனியார் ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் நாற்பதாயிரம் ரூபாய் கட்டினான். அவனுடைய அம்மா இட்லிக்கடை நடத்திச் சேர்த்த பணம் அது. திரும்பி வரவே இல்லை.

நான் அவனியாபுரத்துக்காரி. 2012 செப்டம்பரில் மதுரையிலிருந்து கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் கிளம்பியது. அடுத்த வருஷம் ஒரு விமான நிறுவனத்தின் செக்-இன் கவுன்ட்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒன்பது வருஷம் அங்கே இருந்தேன். பயணியின் பாஸ்போர்ட்டை முதலில் வாங்கிப் பார்ப்பது நாங்கள்தான். அடுத்து அவர்கள் போய் நிற்பது இமிக்ரேஷன் கவுன்ட்டரில். ஷிப்டு முழுக்க அந்தக் கவுன்ட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கும் அங்கே உட்கார வேண்டும் என்று ஆசை வந்தது. அந்தக் கவுன்ட்டருக்குக் கொண்டுபோகும் தேர்வை 2015-இல் எழுதினேன். 2017-இல் இன்னொரு தடவை எழுதி, நேர்காணல் வரை போனேன், கிடைக்கவில்லை. இப்போது என் அக்கா மகள் தயாராகிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விமான நிலையத்தில் சீருடையும் சீலுமாக இருப்பவர்கள் எல்லோரும் ஒரே துறை என்று நம்மூரில் நினைக்கிறார்கள். பாஸ்போர்ட் கொடுப்பது வெளியுறவு அமைச்சகம். ரேஸ்கோர்ஸ் பக்கம் இருக்கிறதே மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம், அது அவர்களுடையது. பையைத் திறந்து தங்கம் இருக்கிறதா என்று பார்ப்பது சுங்கத் துறை, அதாவது நிதி அமைச்சகம். அந்த வேலைக்கு மத்திய அரசின் பணியாளர் தேர்வு ஆணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரித் தேர்வு எழுத வேண்டும். வாசலில் துப்பாக்கியோடு நிற்பது மத்திய தொழில் பாதுகாப்புப் படை. பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்த்து ‘போகலாம்’, ‘வரலாம்’ என்று சீல் அடிக்கிறவர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கும் குடியேற்றப் பணியகத்தைச் சேர்ந்தவர்கள். பத்திரிகைகளில் ‘குடியுரிமை அதிகாரி’ என்று எழுதுகிறார்கள். குடியுரிமை கொடுப்பது அவர்கள் வேலை இல்லை. நேர்காணலில் அந்தச் சொல்லை வாய்தவறிக்கூடச் சொல்ல வேண்டாம்.

குடியேற்றப் பணியகத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் மத்திய உளவுத்துறை, அதாவது ஐ.பி. மூலம் வருகிறவர்கள். நாட்டில் சில நுழைவிடங்களில் மாநிலப் போலீஸாரும் இந்த வேலையைப் பார்க்கிறார்கள். ஆனால் நேராக இதைக் குறிவைக்கிறவர்களுக்கு வழி ஐ.பி. தேர்வுதான். அதில் தேறினாலும் இமிக்ரேஷன் கவுன்ட்டர்தான் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். ஐ.பி.யில் வேறு பணிகளும் இருக்கின்றன. இந்தியாவில் எங்கே போட்டாலும் போக வேண்டும். மதுரையிலேயே இருக்கலாம் என்ற எண்ணத்தோடு இதற்குப் படிக்காதீர்கள். பஞ்சாபில் அட்டாரி, நேபாள எல்லையில் ரக்ஸால், வங்கதேச எல்லையில் பெட்ராபோல் என்று தரைவழிச் சாவடிகள் இருக்கின்றன. துறைமுகங்களில் கப்பல் மாலுமிகளின் ஆவணங்களைப் பார்க்கும் வேலையும் இருக்கிறது. வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிற பெண்கள் இதை முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாமல் விட்டு, நேர்காணலுக்குக் கிளம்புகிற வாரத்தில் வீட்டில் பெரிய சண்டை நடந்தது.

நுழைவதற்கு இரண்டு வாசல்கள் உண்டு. பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு ஏ.சி.ஐ.ஓ. (உதவி மத்திய உளவு அதிகாரி) கிரேடு இரண்டு, எக்ஸிகியூட்டிவ். எந்தப் பட்டம் என்றாலும் சரி. அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்குகிறது. பத்தாவது முடித்தவர்களுக்கு செக்யூரிட்டி அசிஸ்டென்ட், எக்ஸிகியூட்டிவ். இதற்கு அடிப்படை 21,700 ரூபாய். இரண்டிலும் அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் சிறப்புப் பாதுகாப்புப் படியாகச் சேரும். வயது 18-லிருந்து 27 வரை. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று வருஷமும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஐந்து வருஷமும் தளர்வு உண்டு.

வயதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. மாதிரி வருஷா வருஷம் வரும் தேர்வு இல்லை இது. ஏ.சி.ஐ.ஓ. அறிவிப்பு 2017-இல் வந்தது. அடுத்தது 2020 டிசம்பரில், 2000 இடங்களுக்கு. அப்புறம் 2023-இல் 995 இடங்கள், 2025-இல் 3717 இடங்கள். 2017-இல் எனக்கு 28 வயது. ஓ.பி.சி. தளர்வில் எழுதினேன். ‘அடுத்த தடவை பார்த்துக்கலாம்’ என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த அடுத்த தடவை வந்தபோது எனக்கு முப்பது தாண்டிவிட்டது. அதனால் கல்லூரி இரண்டாம் வருஷத்திலேயே தொடங்கிவிடுங்கள். பட்டம் வாங்கிய வருஷமே அறிவிப்பு வந்தாலும் உட்கார்ந்து எழுதும்படி இருக்க வேண்டும். ஒரு வாய்ப்பை விட்டால் இரண்டு மூன்று வருஷம் போய்விடும்.

ஏ.சி.ஐ.ஓ. தேர்வின் முதல் கட்டத்தில் ஒரு மணி நேரத்தில் நூறு கேள்விகள். நடப்பு நிகழ்வு, பொது அறிவு, கணக்கு, தர்க்கம், ஆங்கிலம் என்று ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றிலும் இருபது. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 36 வினாடி. கோச்சிங் சென்டரில் சொல்லித்தரும் நீளமான வழிமுறைகள் இந்த 36 வினாடிக்குள் அடங்காது. வாய்ப்பாடு, வர்க்கம், பின்னங்களின் சதவீதம் எல்லாம் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். என் அக்கா மகளுக்குத் தினமும் சமையல்கட்டில் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். காய் நறுக்கிக்கொண்டே சொல்வாள்.

இரண்டாம் கட்டம் ஐம்பது மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வு, ஆங்கிலத்தில். கட்டுரையும், பத்தியைப் படித்துப் புரிந்து எழுதுவதும், நடப்பு விஷயங்களில் நீண்ட விடைகளும் இருக்கும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இந்த இடத்தில்தான் பயப்படுகிறார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதிலிருந்து வெளியே வர நான் கண்ட வழி ஒன்றுதான். ஆங்கிலத்தில் பெரிய சொற்களைத் தேடாமல், சின்ன வாக்கியத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பது. தினம் ஒரு பக்கம், கையால், கடிகாரம் வைத்து எழுத வேண்டும். எழுதியதை அடுத்த நாள் நாமே திருத்த வேண்டும்.

செக்யூரிட்டி அசிஸ்டென்ட் தேர்வில் நம் பிள்ளைகளுக்கு ஒரு பலம் இருக்கிறது. அதில் எந்த மாநிலத்தில் விண்ணப்பிக்கிறோமோ அந்த மாநிலத்தின் இருப்பிடச் சான்று வேண்டும், அந்த மொழியும் தெரிய வேண்டும். இரண்டாம் கட்டமே மொழிபெயர்ப்புதான். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும். நம் பிள்ளைகள் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ்தானே என்கிறார்கள். தினத்தந்தியில் ஒரு செய்தியைக் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள். ‘வாக்குமூலம்’, ‘முன்ஜாமீன்’, ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்று வரும்போது பேனா நின்றுவிடும். அதனால் ஒரு நோட்டில் இந்த மாதிரிச் சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். என் அக்கா மகளின் நோட்டில் இப்போது எண்ணூறு சொற்கள் இருக்கின்றன.

படிக்க இடம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15-ஆம் தேதி திறந்தார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தனி இடமே இருக்கிறது. எங்கள் பக்கத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்ட் போய் பஸ் மாற வேண்டும். அந்த அலைச்சல் பெரிதில்லை. வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசமாக வகுப்பு எடுக்கிறார்கள். பணம் கட்டித்தான் படிக்க வேண்டும் என்று இல்லை.

இனி, படிப்பைத் தாண்டியது. நேர்காணலில் இதுதான் ஆளை நிற்க வைக்கும், இதுதான் விழவும் வைக்கும்.

என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று: ‘ஒரு வெளிநாட்டவர் கையில் சரியான விசா இருக்கிறது. அவரை உள்ளே விட்டே ஆக வேண்டுமா?’ நான் நான்கு வருஷம் பாஸ்போர்ட் பார்த்த தைரியத்தில் ‘ஆமாம்’ என்றேன். ‘யோசித்துச் சொல்லுங்கள்’ என்றார் ஒருவர். நான் யோசிக்கவில்லை, சொன்னதையே மறுபடியும் சொன்னேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. விசா என்பது வாசல் வரை வர அனுமதி. உள்ளே விடலாமா என்று முடிவு செய்வது கவுன்ட்டரில் இருக்கும் அதிகாரி. விசா தூதரகம் கொடுத்தது. இறங்க அனுமதி இவர் கொடுப்பது. அந்த அதிகாரமே புரியாத ஒருத்தியை அந்த நாற்காலியில் எப்படி உட்காரவைப்பார்கள்? அவர்கள் செய்தது சரிதான்.

ஆகவே சட்டத்தைப் படியுங்கள். இப்போது நடப்பில் இருப்பது குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025. அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன் நான்கு சட்டங்கள் இருந்தன: பாஸ்போர்ட் நுழைவுச் சட்டம் 1920, வெளிநாட்டவர் பதிவுச் சட்டம் 1939, வெளிநாட்டவர் சட்டம் 1946, பயணிகளை ஏற்றிவரும் நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய சட்டம் 2000. நான்கையும் நீக்கிவிட்டு ஒன்றாக்கினார்கள். அனுமதி கொடுப்பதிலும் மறுப்பதிலும் குடியேற்ற அதிகாரியின் முடிவே இறுதியானது என்று இந்தச் சட்டம் சொல்கிறது. போலி பாஸ்போர்ட்டோ போலி விசாவோ பயன்படுத்தினால் குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் சிறை. பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் 1946 சட்டத்தையே இன்னும் அச்சடித்து விற்கிறார்கள். வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

பாஸ்போர்ட்டைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் யாருடையதாவது இருக்கும், எடுத்துப் பாருங்கள். புகைப்படப் பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருக்கும், வரிக்கு 44 எழுத்து. இரண்டாவது வரியில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் எண் ஒட்டிக்கொண்டிருக்கும். அது சும்மா போட்டதில்லை. பிறந்த தேதி 850612 என்று இருந்தால், ஒவ்வொரு இலக்கத்தையும் 7, 3, 1, மறுபடியும் 7, 3, 1 என்று வரிசையாகப் பெருக்குங்கள். 56, 15, 0, 42, 3, 2. கூட்டினால் 118. கடைசி இலக்கம் 8. தேதிக்குப் பின்னால் 8 இருக்க வேண்டும். தேதியை மட்டும் மாற்றிய கள்ள பாஸ்போர்ட் இங்கேயே மாட்டிக்கொள்ளும். இயந்திரம் இதை நொடியில் செய்துவிடுகிறது. ஆனாலும் அது எப்படிச் செய்கிறது என்று தெரிந்தவரின் கண் வேறு மாதிரி வேலை செய்யும். ஒரு தடவை என் தோழி ஒருத்தி, அடியில் இருந்த வரியிலும் மேலே அச்சடித்ததிலும் பிறந்த வருஷம் வேறுவேறாக இருப்பதைக் கண்ணாலேயே பிடித்தாள்.

ஈ.சி.ஆர்., அதாவது ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்ற பாஸ்போர்ட் குறிப்பு பற்றித் தெரியாமல் நம்மூரிலிருந்து யாரும் இந்த வேலைக்குப் போகக் கூடாது. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இந்தக் குறிப்பு இருக்கும். அவர்கள் வேலைக்காக 18 குறிப்பிட்ட நாடுகளுக்குப் போக, 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, குவைத், கத்தார், ஓமன், மலேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சிங்கப்பூர் இல்லை.

உசிலம்பட்டிப் பக்கத்து அண்ணன் ஒருவரை நான் இன்னும் மறக்கவில்லை. துபாய்க்கு, விசிட் விசாவில். முதல் விமானப் பயணம், புதுச் சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. கவுன்ட்டரில் இருந்த அதிகாரி ‘எதுக்கண்ணே போறீங்க?’ என்று கேட்டார். ‘சுத்திப் பாக்க’ என்றார் அவர், ஏஜென்ட் சொல்லிக்கொடுத்தபடி. ‘எங்க தங்குவீங்க?’ அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். கட்டடக் கம்பெனியின் வேலைக் கடிதம். அதைக் காட்டினால் போதும் என்று நினைத்திருக்கிறார் பாவம்.

அன்று அவர் விமானம் ஏறவில்லை. அந்த அதிகாரி அவரை ஓரமாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஏன் நிறுத்தினோம் என்று தமிழில் பொறுமையாக விளக்கினார். ‘இந்த விசாவுல வேல பாத்தா அங்க உங்களப் பிடிச்சு உள்ள போட்டுருவாய்ங்க. சம்பளம் தரலைன்னா யார்கிட்டயும் போய்க் கேக்க முடியாது. இ-மைக்ரேட் வெப்சைட்டுல பதிவு செஞ்சு முறையா வாங்க, நானே அனுப்பிவைக்கிறேன்.’ அந்த அண்ணன் அழுதார். மூன்று மாதம் கழித்து வேலை விசாவோடு வந்து என் கவுன்ட்டரில் நின்றார்.

இன்னொரு நாள், வேறு ஓர் ஊர் விமான நிலையத்தில் நான் பயணியாக நின்றபோது, இதே மாதிரி ஒருவரை எல்லோர் முன்னாலும் ‘படிக்கத் தெரியாதா?’ என்று ஒருவர் கத்தினார். சட்டப்படி இருவரும் செய்தது ஒரே வேலைதான். எனக்கு முதலாமவர்தான் அதிகாரி.

கேள்வி கேட்பது சும்மா சடங்கு இல்லை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் அடைத்துவைக்கப்பட்டு, இணைய மோசடி செய்ய வற்புறுத்தப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. 2022-இல் வெளியுறவு அமைச்சகமே இதற்கு எச்சரிக்கை விட்டது. அவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கவுன்ட்டரைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். டூரிஸ்ட் விசாவில் தனியாகப் போகிற இருபத்திரண்டு வயதுப் பையனிடம் இன்னும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் அக்கா மகளும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொள்வோம். நான் பயணி. ஒரு தடவை பொய் சொல்லும் பயணி, ஒரு தடவை பயந்துபோன பயணி, ஒரு தடவை காது கேட்காத ஆத்தா. அவள் மூன்று கேள்விக்குள் நான் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது. முதல் மாதம் எல்லாவற்றுக்கும் ‘ஏன்?’ என்றே கேட்டாள். ‘ஏன்’ என்று கேட்டால் மனிதர்கள் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார்கள். ‘அங்கே போய் இறங்கியதும் முதலில் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுப் பார் என்றேன். நிஜமாகப் போகிறவர் ‘மச்சான் வண்டி கொண்டு வருவான்’ என்பார், சொல்லிக்கொடுத்த பொய்யோடு வந்தவர் திணறுவார். இப்போது நன்றாகக் கேட்கிறாள். இந்தியும் கொஞ்சம் பழகுகிறாள். வடக்கே போட்டால் வேண்டியிருக்கும்.

ஓட்டம், உயரத் தாண்டுதல் எல்லாம் இந்தத் தேர்வில் இல்லை. மருத்துவப் பரிசோதனை உண்டு. பின்னணி விசாரணை உண்டு, அது கடுமையாகவே இருக்கும். ஏதாவது வழக்கு இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் வேலை கிடைத்த பிறகும் போய்விடும்.

கடைசியாகக் காகிதங்கள். நம்மூர்ப் பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய அரசு வேலைக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்று, கிரீமி லேயரில், அதாவது ஓ.பி.சி.யில் வசதி மிகுந்தோர் பிரிவில், வராதவர் என்று குறிப்பிட்டுத் தனியாக வாங்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை, அதையும் முன்கூட்டியே பாருங்கள். அறிவிப்பு வந்த பிறகு இ-சேவை மையத்தில் போய் நின்றால், தாசில்தார் கையெழுத்து வருவதற்குள் கடைசித் தேதி போய்விடும். பத்தாவது மார்க் ஷீட்டில் இருக்கும் பெயரும் முதலெழுத்தும் ஆதாரில் அப்படியே இருக்க வேண்டும். விண்ணப்பத்தை உள்துறை அமைச்சகத்தின் இணையதளம் வழியாக மட்டும் போடுங்கள். 2025-இல் கட்டணம் மொத்தம் 650 ரூபாய். அதில் தேர்வுக் கட்டணமான 100 ரூபாய் பெண்களுக்குக் கிடையாது. அதற்கு மேல் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

என் அக்கா மகளின் ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, மார்க் ஷீட்டில் முதலெழுத்து மட்டும்தான். நாளைக் காலை பத்து மணிக்கு அதைச் சரிசெய்யப் போகிறோம்.